பாத்துமுத்து வக்ஃபில் ஒரு நிக்காஹ்

ஜும்ஆ தொழுகை முடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஜெய்த்தூனின் பத்துக்குப் பத்து அறைக்குள் ஐந்து ஆண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கட்டிலில் மூன்று பேர், தையல் மெஷின் ஸ்டூலில் ஜமாஅத் கமிட்டிச் செயலாளர், வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் முத்தவல்லி முகமது இஸ்மாயில். வீட்டுக்காரி உட்கார இடமில்லை. அதை ஐந்து பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. நடுத் தரையில் ஒரு தட்டு. அதில் ஜரிகைச் சேலை, கால் கிலோ பேடா, கண்ணாடித்தாள் சுற்றிய நாலு ஆப்பிள்.

"மாப்பிள்ள பாத்தாச்சு," என்றார் இஸ்மாயில்.

"யாருக்கு மாமா?"

"யாருக்கா? எனக்கா பாப்பாக?" அவர் சிரித்தார். அவர் சிரித்ததால் மற்ற நால்வரும் சிரித்தார்கள். "ஒனக்குத்தாம்மா. ஒம் புருசன் மௌத்தாகி நாலு வருசமாச்சு. ஒத்தையில கெடக்கே. ஜமாஅத்துன்னு நாங்க எதுக்கு இருக்கோம்?"

நாலு வருடமாக அவள் என்ன சாப்பிட்டாள், காய்ச்சலில் கிடந்தபோது யார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள் என்று ஒருநாளும் எட்டிப்பார்க்காத ஜமாஅத் இது. திடீரென்று இப்படி இரக்கம் பொத்துக்கொண்டு வந்தால், கொஞ்சம் புத்தியுள்ள எவளும் முதலில் கதவுத் தாழ்ப்பாளைத்தான் பார்ப்பாள். ஜெய்த்தூனுக்குப் புத்தி நிறையவே இருந்தது.

மாப்பிள்ளை முகமது ரஃபீக். பக்கத்துத் தாபோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்து கண் மங்கி மூடிவிட்டவர். அறுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஒரு வருடம். மூன்று மகன்களும் மாதம் ஒருவராக முறை வைத்துச் சோறு போடுகிறார்கள். நாற்பத்து மூன்று வயது ஜெய்த்தூன் அவருக்கு எதற்கு என்று கேட்டால், முழங்காலுக்குத் தைலம் தேய்க்க என்று சின்னக் குழந்தையும் சொல்லும்.

"எனக்கு வேண்டாம் மாமா," என்றாள் ஜெய்த்தூன்.

"மொதல்ல எல்லாருந்தான் வேண்டாம்பாக."

"வேண்டாம். தச்சுச் சாப்புடுதேன். இந்த ஒத்த அறைக் கோலி போதும் எனக்கு."

"கோலியா பெருசு? நபி வழி, சுன்னத்தான காரியம்மா இது."

"வேண்டாம்னு சொல்லுதேம்லா," என்றாள் மூன்றாவது தடவையாக.

ஸ்டூலில் இருந்த செயலாளர் மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே இருந்தார். "என்ன எழுதுதிய?" என்று கேட்டாள். அவர் வெட்கமே இல்லாமல் வாசித்துக் காட்டினார்: "மணமகள் தட்டை மகிழ்ச்சியுடன் பெற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நிக்காஹ்."

தட்டை அவள் தொடக்கூட இல்லை. ஐந்து பேரும் துஆ ஓதி, முகத்தைத் தடவி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்த இரக்கம் எங்கிருந்து முளைத்தது என்பதைச் சொல்லிவிடுவோம்.

புனே நகரத்துப் போபோடியில், ரயில் பாதைக்கும் பழைய நெடுஞ்சாலைக்கும் நடுவே இருக்கும் இந்த வரிசை வீட்டுச் சாலுக்குப் பாத்துமுத்து வக்ஃபு என்று பெயர். மேலப்பாளையத்திலிருந்து வந்த பாத்துமுத்து என்பவள் அந்தக் காலத்தில் தொழிற்சாலைத் தமிழர்களுக்கு மெஸ் நடத்தினாள். புருஷன் காய்ச்சலில் போனதும், துக்கக் காலமான இத்தா முடிந்த மறுநாளே வீட்டுச் சொந்தக்காரன் அவள் சாமானைத் தெருவில் வைத்தான். ஒற்றைப் பெண்ணுக்கு வீடு கிடையாது என்று தெருவெல்லாம் சொன்னது. அவள் பதினொரு வருடம் சோறு வடித்து, இடம் வாங்கி, ஆறு கோலி கட்டினாள். கட்டியதும் பத்திரம் எழுதிப் பதிவுசெய்தாள். கணவன் இல்லாத பெண்கள், மறுமணம் செய்யும்வரை அல்லது மௌத்தாகும்வரை, வாடகையில்லாமல் இங்கே இருக்கலாம். அவர்களை எழுப்ப ஒருவருக்கும் உரிமை இல்லை, முத்தவல்லிக்கும் இல்லை. 'முத்தவல்லிக்கும் இல்லை' என்பதை அவளே சொல்லி எழுத வைத்தாளாம். மனுஷர்களைத் தெரிந்து வைத்திருந்தவள்.

வக்ஃபாக எழுதிய சொத்து அல்லாஹ்வுடையது. அதை விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் பங்கு வைக்க முடியாது. முத்தவல்லி என்பவர் பார்த்துக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். மார்க்கமும் அப்படிச் சொல்கிறது, நாட்டுச் சட்டமும் அப்படியே சொல்கிறது. ஆகவே அதில் கைவைக்க நினைக்கிறவனுக்கு இரட்டை வேலை. படைத்தவனையும் ஏமாற்ற வேண்டும், பதிவு அலுவலகத்தையும் ஏமாற்ற வேண்டும். முதலாவதைப் பற்றி இஸ்மாயில் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. இரண்டாவதற்கு ஒரு வக்கீலைப் பிடித்தார்.

பக்கத்தில் மெட்ரோ நிலையம் வந்ததிலிருந்து ஒரு பில்டர் அந்தச் சால் இருக்கும் இடத்தையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கீழே கடைகள், மேலே ஆபீஸ் கட்டுவது அவன் திட்டம். வக்கீல் பத்ரிநாத், மெட்ராஸ் பக்கத்து ஆள், நெற்றியில் சந்தனம் காயாத மனுஷர், இஸ்மாயிலுக்கு வழி சொன்னார்: "பலாத்காரமா யாரையும் காலி பண்ணாதீங்கோ, கேஸாயிடும். இருக்கறவா தானா போகணும். பயனாளின்னு ஒருத்தர்கூட இல்லேன்னா, இந்த வக்ஃபோட நோக்கமே இப்போ இல்லேன்னு எழுதிக் குடுத்து, இடத்தை வேற உபயோகத்துக்குக் கேக்கலாம். பத்திரத்துலயே இருக்கே, மறுமணம் செய்யும்வரைன்னு."

கொள்ளையடிப்பதற்கு மட்டும் மதபேதம் குறுக்கே வருவதில்லை. அடுத்த வாரமே கமிட்டி 'விதவை மறுமணத் திட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தது.

விதவைக்கு மறுமணம் என்றால் கை தட்டாதவர் உண்டா? பெருநாள் பயான் சொற்பொழிவில் இஸ்மாயிலுக்குச் சால்வை போட்டார்கள். முற்போக்கு ஜமாஅத் என்று எங்கிருந்தோ ஒரு பத்திரிகைக்காரன் வந்து படம் பிடித்துப் போனான். பத்து மாதத்தில் நாலு கோலிப் பெண்களுக்குக் கல்யாணம். ஐந்தாவது கோலிக் கிழவி தானாகவே மௌத்தாகிக் கமிட்டிக்கு வேலையை மிச்சப்படுத்தினாள். மைமூன் என்பவளைச் சாகண் பக்கம் ஒரு வாட்ச்மேனுக்குக் கட்டிவைத்தார்கள். அவனுக்கு ஊரில் பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் இருந்தது கமிட்டிக்குத் தெரியும், மைமூனுக்குத் தெரியாது. மூன்றாம் மாதம் உதடு கிழிந்து திரும்பி வந்தாள். கோலிக்குள் சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்தது. "மறுமணம் ஆயிட்டுல்லாம்மா, இனி ஒனக்குப் பாத்தியதை கெடையாது," என்று இஸ்மாயில் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அன்றைக்கு மட்டும் பத்திரம் அவருக்கு வேதமாகிவிட்டது.

மிச்சம் ஜெய்த்தூன் ஒருத்திதான். வக்ஃபு அலுவலகத்திலிருந்து திங்கட்கிழமை அதிகாரி பார்வையிட வருகிறார். அதற்குள் ஆறாவது கோலி காலியாக வேண்டும். அவள் போனால் பாத்துமுத்துவின் சாலே போனது. இனி புருஷனை இழந்து தெருவில் நிற்கும் எவளுக்கும் இங்கே கதவு கிடையாது.

ஜெய்த்தூனுக்குக் கல்யாணத்தின் மேல் விரோதம் ஒன்றுமில்லை. மனசுக்குப் பிடித்தவன் ஒருவன் மரியாதையாக வந்து கேட்டிருந்தால் யோசித்துக்கூட இருப்பாள். கதவைப் பூட்டுவதற்குப் பூட்டு வாங்குவதுபோல மாப்பிள்ளை வாங்கி வந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கத்துச் சாலில் வந்தது, எதிர்வீட்டில் வந்தது. அவளுக்கு மட்டும் வரவில்லை. பத்து மணிக்கு ருகையா ஒரு குடம் தண்ணீரும் மருதாணிக் கிண்ணமுமாக வந்தாள். ருகையா, இஸ்மாயிலின் தங்கை. சவூதிக்குப் போன புருஷன் அங்கிருந்தே தலாக் எழுதி அனுப்பி ஏழு வருடமாகிறது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் ஒன்பது பேருக்குச் சமைக்கிறாள்.

"காக்கா மருதாணி வச்சுவிடச் சொன்னாக," என்றாள் ருகையா, அண்ணனைச் சொல்லி. "லாத்தா, சரின்னு சொல்லிருங்க. இல்லாட்டா கரண்டையும் புடுங்கிருவாக. நான் காதால கேட்டேன்."

"ஒங்க காக்காவுக்கு ஊருல உள்ள பொம்பளைக்கெல்லாம் மாப்பிள்ள தேடத் தெரியுதே. ஒனக்கு ஏன் புள்ள தேடல?"

ருகையா கிண்ணத்தில் இருந்த மருதாணியைக் கிளறினாள். "நான் போயிட்டா அங்ஙன யாரு சோறாக்குவா?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது போலிருக்கிறது.

"மூணு தடவ வேண்டாம்னேன்," என்றாள் ஜெய்த்தூன். "மகிழ்ச்சியா தட்ட வாங்குனேன்னு எழுதிட்டாக. சொன்னது எதையும் எழுத மாட்டாகன்னா நான் என்னத்துக்குச் சொல்லணும்? நாளைக்கு நிக்காஹ் வக்கீலு வந்து சம்மதம் கேக்கட்டும். நான் வாயே தொறக்க மாட்டேன்."

"அய்யோ, வாய் தொறக்கலன்னா சம்மதம்னுல்ல வச்சுக்குவாக!"

"குமரிக்கு அப்படி. நான் குமரியா?"

மார்க்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நிக்காஹுக்கு முன் பெண்ணின் சார்பாளராக ஒருவரும், இரண்டு சாட்சிகளும் அவளிடம் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். அவரைத்தான் வக்கீல் என்பார்கள். கோர்ட்டு வக்கீல் அல்ல. முதல் கல்யாணத்துப் பெண் வெட்கப்பட்டு மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வாழ்ந்து அறிந்த பெண், விதவையோ தலாக்கானவளோ, தன் வாயால் சம்மதம் என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நிக்காஹ் இல்லை. ஜெய்த்தூன் பத்து வயதில் ஓதப்போன இடத்தில் கற்றது இது. நாலு தடவை மக்காவுக்கு உம்ரா போய்வந்த இஸ்மாயிலும் கற்றவர்தான். பெண் பேசுவதை இத்தனை வருடமாகக் காதிலேயே போட்டுக்கொள்ளாதவருக்கு, அவள் பேசியே ஆகவேண்டிய இடம் ஒன்று இருப்பது மறந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு செயலாளர் வக்கீலாக வந்தார். கூடவே இரண்டு சாட்சிகள், பெரிய கேமராவோடு ஸ்டுடியோ பாஸ்கர். திட்டத்தின் ஐந்தாவது வெற்றியை வீடியோ எடுத்து எல்லா வாட்ஸ்ஆப் குழுக்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பது இஸ்மாயிலின் ஏற்பாடு. ருகையா கட்டிலில் ஜெய்த்தூனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"மர்ஹூம் அப்துல் காதர் மகன் முகமது ரஃபீக்குக்கு, ஐயாயிரத்து ஒண்ணு ரூவா மஹர் பணத்துக்கு, ஒன்ன நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா?"

ஜெய்த்தூன் நேராகச் செயலாளரின் முகத்தைப் பார்த்தாள். தலையைக் குனியவில்லை, ஆட்டவும் இல்லை. உதடு அசையவில்லை.

இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டார். மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டுக் குக்கர் இரண்டு விசில் விட்டது.

"சார், அம்மா வாய்ஸ் ஒண்ணும் வரல சார்," என்றார் பாஸ்கர். "கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்றீங்களா?"

"வெக்கம்பா. பொம்பளன்னா வெக்கம் இருக்காதா? நீ பின்னால ஒரு பாட்டப் போட்டுக்கோ."

பள்ளிவாசலில் இமாம் கேட்டார்: "வாயால சொன்னாகளா?" முப்பது வயது இளைஞர் அவர். சம்பளம் கமிட்டி கொடுக்கிறது, குடியிருக்கும் வீடு இஸ்மாயிலுடையது. "சொன்ன மாதிரித்தான் ஹஜரத்," என்றார் செயலாளர். சொன்னதும், சொன்ன மாதிரியும் ஒன்றில்லை என்று இமாமுக்குத் தெரியும். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு நிக்காஹ் குத்பா ஓதினார். பதிவேட்டில் மணமகள் கையெழுத்து என்ற இடத்தில் செயலாளர் எழுதினார்: 'வெட்கத்தினால் வாய் திறக்கவில்லை. சம்மதம் என்று ஏற்கப்பட்டது.' இரண்டு சாட்சிகள் கீழே கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள். ரஃபீக் இரண்டாவது தடவை கறி கேட்டு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெய்த்தூனின் சாமானை ஏற்ற டெம்போ வந்து நின்றது. அதிகாரி பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கட்டிலும் மெஷினும் தாபோடி போய்ச் சேர்ந்துவிடும் என்பது கணக்கு. கமிட்டி ஐவர், மாப்பிள்ளை ரஃபீக், இமாம், சாவி ஒப்படைப்பதைப் படம் பிடிக்க பாஸ்கர் எல்லோரும் ஆஜர். ருகையா தட்டில் சாயாவோடு நின்றாள்.

ஜெய்த்தூன் கதவைத் திறந்தே போட்டுக்கொண்டு, பள்ளிச் சீருடை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிம்மா. டெம்போக்காரன் நிக்கான்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏ புள்ள, ஒன்னத்தான்! புருசன் வீட்டுக்குப் போக மாட்டியா?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள். கூலியாள் ஒருவனைக் கூப்பிட்டு மெஷினைத் தூக்கச் சொன்னார் இஸ்மாயில். அவன் உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பொம்பளை உட்கார்ந்திருக்கும்போது எப்படித் தூக்குவது என்று வெளியே வந்து பீடி பற்ற வைத்தான். அங்கிருந்த ஆண்களில் அவன் ஒருவனுக்குத்தான் கூச்சம் இருந்தது.

ஒன்பதே முக்காலுக்கு அதிகாரி வந்துவிட்டார். அரசாங்க அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னால் வருவார் என்று இஸ்மாயில் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். சாதாராப் பக்கத்து அம்மா, ஐம்பது வயது, தோளில் துணிப்பை, தலையில் துப்பட்டா. தமிழ் தெரியாது. டெம்போவைப் பார்த்தார், கோலியைப் பார்த்தார், உள்ளே மெஷினில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தார்.

"காலி என்று எழுதிக் கொடுத்திருந்தீர்களே?" என்று இந்தியில் கேட்டார்.

"காலிதான் மேடம். நேற்றே கல்யாணம் முடிந்துவிட்டது. சாமான் மட்டும்தான் பாக்கி." இஸ்மாயில் பதிவேட்டை விரித்தார்.

அதிகாரி மணமகள் கையெழுத்து என்ற இடத்தில் விரலை வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இமாம்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. மொழிபெயர்க்கும்போது அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"சந்தேகமே வேண்டாம், வீடியோ இருக்கிறது," என்று இஸ்மாயில் அவசரமாகப் போனை நீட்டினார். திரையில் தங்க எழுத்தில் இந்தியில் ஓடியது: 'விதவை மறுமணத் திட்டம் - ஐந்தாவது வெற்றி.' ரோஜாப்பூக்கள் உதிர்ந்தன. செயலாளரின் வாய் அசைந்தது, பாட்டு முழங்கியது.

"பாட்டு இல்லாமல் இருக்கிறதா?"

"இருக்கிறது மேடம், ஒரிஜினல் கேமராவிலேயே இருக்கிறது," என்றார் பாஸ்கர். தன் தொழிலை ஒருவர் அக்கறையாக விசாரித்ததில் அவருக்குச் சந்தோஷம். இஸ்மாயில் முறைத்ததை அவர் பார்க்கவில்லை. கேமராவின் சின்னத் திரையில் படம் ஓடியது. ஒரு தடவை கேள்வி. மின்விசிறி. இரண்டாவது தடவை கேள்வி. குக்கர் விசில். மூன்றாவது தடவை கேள்வி. ஜெய்த்தூனின் மூடிய வாய். அதில் மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

அதிகாரி இமாமிடம் திரும்பினார். "மௌலானா, இந்தப் பெண் கன்னியா, விதவையா?"

"விதவை."

"விதவை வாயைத் திறக்காவிட்டால்?"

இமாம் இஸ்மாயிலைப் பார்த்தார். தான் குடியிருக்கும் வீட்டை நினைத்தாரோ, நேற்று ஓதிய குத்பாவை நினைத்தாரோ, கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. "வாயால் சொல்ல வேண்டும்," என்றார். "சொல்லாவிட்டால் கூடாது. இது... இது நிக்காஹே இல்லை." ஒரு நாள் தாமதமாக வந்த தைரியம்தான். ஆனாலும் வந்தது.

"அப்ப எனக்குச் சொன்ன கடை?" என்று கத்தினார் ரஃபீக். ஆத்திரத்தில் அதை அதிகாரியிடமே இந்தியில் திருப்பிச் சொன்னார்: "மேடம், கீழே மூலைக்கடை எனக்குத் தருவதாகச் சொல்லித்தான் கூட்டி வந்தார்கள்!"

"எந்தக் கடை? இங்கே கடை கட்ட யார் அனுமதி கொடுத்தது?"

ஐந்து பேரும் ஐந்து பக்கம் பார்த்தார்கள். அதிகாரி நின்றபடியே அறிக்கை எழுதினார். ஆறாவது கோலியில் பயனாளி குடியிருக்கிறார். வக்ஃபின் நோக்கம் உயிரோடு இருக்கிறது. மற்ற ஐந்து கோலிகளில் கிடக்கும் சரக்கைப் பதினைந்து நாளில் அகற்ற வேண்டும். தகுதியுள்ள பெண்கள் மனுச் செய்யலாம். எழுதி முடித்து ஜெய்த்தூனிடம் நீட்டி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"மைமூன்னு ஒருத்தி இருக்கா," என்றாள் ஜெய்த்தூன். மூன்று நாளுக்குப் பிறகு அவள் அந்த ஆண்கள் முன்னால் பேசிய முதல் வார்த்தை. "தலாக்காகி மேலப்பாளையத்துல அவ அண்ணன் வீட்டுல கெடக்கா. அவளுக்கு இன்னைக்கே போன் போட்டுச் சொல்லுதேன்னு இவுககிட்டச் சொல்லுங்க ஹஜரத்." இமாம் சொன்னார். அதிகாரி பையிலிருந்து மனுப் பாரங்களை எடுத்து வாசற்படியில் வைத்தார். ஜெய்த்தூன் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள்.

இஸ்மாயிலுக்கு முகம் செத்துவிட்டது. "வையுங்க, வையுங்க," என்றார் தமிழில், எல்லோருக்கும் கேட்கும்படி. "மானமுள்ள குடும்பத்துப் பொம்பள எவ வந்து இந்தச் சால்ல தங்குவா? ஆதரவத்த நாதியத்ததுகதான் வரும்!"

ருகையா சாயாத் தட்டை டெம்போவின் விளிம்பில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வாசற்படிக்கு வந்து குனிந்து ஒரு மனுப் பாரத்தை எடுத்தாள்.

"ருகையா! என்ன இது? வீட்டுக்குப் போ," என்றார் இஸ்மாயில். "மத்தியானச் சோத்துக்கு யாரு அரிசி போடுவா?"

அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். அதிகாரியிடம் இந்தியில் பேசினாள். தனக்கு எழுத வராது, நீங்களே எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அதிகாரி பேனாவை எடுத்தார். பெயர் கேட்டார், வயது கேட்டார், தலாக் ஆன வருடம் கேட்டார்.

"இப்போது யாருடைய ஆதரவில் இருக்கிறீர்கள்?"

ருகையா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருடைய ஆதரவிலும் இல்லை," என்றாள். "முத்தவல்லி வீட்டில் சமையல் வேலை என்று எழுதுங்கள். ஏழு வருடமாக. சம்பளம் இல்லை."